மே மாதத்தில் விதைக்காதீர்கள்

விக்டோரியா நாள் நீண்ட வார இறுதி நெருங்கினால் ரொறன்ரோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் புல்விதைப் பைகள் கடை வாசலுக்கு வந்துவிடும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் எங்கும் இதே கதை. பனி உருகிப் போனபின் முன்வளவு சொட்டை சொட்டையாகக் கிடப்பதைப் பார்த்து மனம் பொறுக்காதவர் ஒரு பை விதை, ஒரு மூட்டை பீட் மாஸ், ஒரு பை உரம், புதிதாக ஒரு ஸ்பிரிங்க்ளர் என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் விதைப்பு முடிந்துவிடுகிறது. பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், கல்யாண மண்டப மேசையிலிருந்தும், யூடியூப்பிலிருந்தும் வரும் புத்திமதி ஒன்றேதான்: விதையை அள்ளிப் போடு, தண்ணீரை அள்ளி விடு, உரமும் போடு, நன்றாக அடர்ந்து வரும்வரை புல்வெட்டியை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதே.

இந்தப் புத்திமதியில் ஒரு வரிகூடத் தேறாது என்பது என் வாதம். ஓகஸ்ட் முதற்கிழமையில் அதே வளவுக்குப் போய்ப் பாருங்கள். விதைத்த இடத்தில் பாதி வெறும் மண். மீதிப் பாதியில் வெளிறிய பச்சையும் அகன்ற இலையுமாகத் தரையோடு படுத்துப் பரவியிருப்பது கிராப்கிராஸ், அதாவது களை. வீட்டுக்காரர் "விதை சரியில்லை" என்பார். அடுத்த மே மாதம் வேறு கொம்பனி விதை வரும். விதையில் குற்றமில்லை. குற்றம் நாட்காட்டியில் தொடங்குகிறது. அதற்குப்பின் கவனிப்பு என்ற பெயரில் நாம் செய்வது மிச்சத்தையும் முடித்து வைக்கிறது.

முதலில் காலத்தைப் பார்ப்போம். தென் ஒன்ராறியோவின் வீட்டுப் புல்தரைகளில் இருப்பவை பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ், பல்லாண்டு ரைகிராஸ், ஃபெஸ்க்யூ வகைகள். பெயரில் கென்டக்கி இருந்தாலும் அது அங்கே பிறந்த புல் அன்று, ஐரோப்பாவிலிருந்து வந்தது. இவை எல்லாமே குளிர்காலநிலைப் புற்கள். இலை வளர 15 முதல் 24 பாகை வெப்பம் போதும். வேர் வளர மண் அதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும், 10 முதல் 18 பாகைக்குள். அதற்கு மேல் மண் சூடேறினால் வேர் வளர்ச்சி சுருங்கும், பழைய வேர்களே பட்டுப்போகத் தொடங்கும்.

நம்மவர்கள் இதில் ஏமாறுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் நாம் கண்டு வளர்ந்த புல் அருகம்புல். வெயில் ஏற ஏற அது பரவும். தோட்டத்தில் பிடுங்கி எறிந்த துண்டுகூட ஒரு மழைக்கு மறுபடி வேர்விடும். சூட்டில் சிக்கனமாகச் சர்க்கரை தயாரிக்கும் ஒளிச்சேர்க்கை முறை அதற்கு அமைந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெயிலும் தண்ணீரும் சேர்ந்தால் புல் வரும் என்பது விதிபோலத் தோன்றும். அருகுக்கு அது விதிதான். ஆனால் இந்த நாட்டு வளவில் அதே ஒளிச்சேர்க்கை முறையோடு வரும் செடி எது தெரியுமா? கிராப்கிராஸ். ஜூலை வெயிலில் அருகைப் போல் ஓடுவது அதுதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புல் அந்த ஓட்டத்தில் மூச்சிரைத்து நிற்கும்.

மே 20 அளவில் விதைத்தீர்கள் என்று வையுங்கள். ரைகிராஸ் ஐந்திலிருந்து பத்து நாளில் முளைக்கும். ஃபெஸ்க்யூவுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிழமை. புளூகிராஸ் இரண்டிலிருந்து நான்கு கிழமை எடுக்கும். ஆக, உங்கள் புல்தரையின் முதுகெலும்பாக வேண்டிய புளூகிராஸ் கண்ணைத் திறக்கும்போது ஜூன் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஜூலை மாதத்துப் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 27 பாகை வரை போகும். கொங்கிரீட் நடைபாதை ஓரத்து மண்ணோ அதைவிட நன்றாகவே சூடாகும். ஜூன் கடைசியில் ஒரு நாற்றைக் கத்தி நுனியால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். மேலே விரல் நீளத்துக்குப் பச்சை நிற்கும். கீழே சில வெள்ளை நூல்கள் மேல்மண்ணோடு தொங்கும், அவ்வளவுதான். தண்டும் வேரும் சேரும் இடத்தில் ஒரு தடிப்பு இருக்க வேண்டும். அதில் சேமிப்பு இருந்தால்தான் புல் வறட்சியைத் தாக்குப்பிடிக்கும். அந்த நாற்றில் அது இன்னும் உருவாகியே இருக்காது.

"ஜூலையில் எல்லார் வீட்டுப் புல்லும்தான் காய்கிறது, செப்டெம்பரில் திரும்பி வருகிறதே" என்று ஒருவர் கேட்பார். பழைய புளூகிராஸ் திரும்பி வரும். அது செத்துப்போகவில்லை, உறங்குகிறது. தண்டின் அடியிலும் நிலத்துக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டிலும் வைத்திருக்கும் சேமிப்பில் உயிரைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு கிழமை வயதான நாற்றுக்கு உறங்கத் தெரியாது. காய்ந்தால் செத்துவிடும்.

களை விடயத்தில் மே இன்னும் மோசம். கிராப்கிராஸ் விதை மண்ணில் காத்துக் கிடக்கும். வசந்தத்தில் மேல்மண்ணின் வெப்பம் சில நாள் தொடர்ந்து 13 பாகையைத் தொட்டால் முளைக்கத் தொடங்கும். ஃபோர்சிதியாவின் மஞ்சள் பூ உதிரும் நாட்கள் என்று இங்கே தோட்டக்காரர்கள் அடையாளம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் மண்ணைக் கிளறி, வெளிச்சம் படும்படி திறந்துவிட்டு, நாளுக்கு மூன்று தரம் ஈரமாக்குவதும் அதே நாட்களில்தான். யாருக்கு விருந்து வைக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்க வீடியோக்களில் விதையோடு சேர்த்தே அடிக்கக்கூடிய களைத்தடுப்பு மருந்துகளைக் காட்டுவார்கள். ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிகொல்லி, களைகொல்லி அடிப்பதற்கான தடை 2009 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த மருந்துகளை வீட்டுப் புல்தரைக்கு இங்கே பயன்படுத்த முடியாது. தடை நல்ல தடை என்பது என் கருத்து. ஆனால் மருந்து அடிக்கக்கூடிய ஊர்க்காரர் சொல்லும் வசந்தகாலப் புத்திமதியை மருந்தில்லாத ஊரில் இருந்துகொண்டு பின்பற்றுவது என்ன கெட்டித்தனம்?

இங்கே அனுமதியுள்ள களைத்தடுப்பு ஒன்று சோளப் புரதத்தூள், கடைகளில் 'கோர்ன் குளூட்டன்' என்று விற்பது. முளைத்துவரும் விதையின் வேரைத் தடுப்பது அதன் வேலை. எந்த விதை களை, எந்த விதை புல் என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. மே மாதத்தில் ஒரே வண்டியில் புல்விதைப் பையும் கோர்ன் குளூட்டன் பையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, ஆட்கள் காசு கட்ட வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு பை மற்றதைக் கொல்லும். இரண்டுக்கும் ரசீது உண்டு.

சொட்டை ஏன் விழுந்தது என்ற கேள்வியை மே மாத விதைப்பாளர் கேட்பதே இல்லை. நாய் மூத்திரம், வீதியில் கொட்டும் உப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் புல்லைப் பிடித்து இழுத்தால் கம்பளம்போல் கையோடு வருகிறதா, இரவில் ஸ்கங்கும் ரக்கூனும் வந்து கிண்டிப்போட்டிருக்கின்றனவா? அப்படியானால் கீழே இருப்பது வண்டின் புழு. வெள்ளையாக, 'சி' எழுத்துப்போல் வளைந்து, பழுப்புத் தலையோடு கிடக்கும். ஐரோப்பிய சேஃபர் வண்டின் புழு செப்டெம்பர் தொடங்கி மண் உறையும்வரை வேரைத் தின்று, குளிருக்கு ஆழத்தில் இறங்கி, ஏப்ரல் மே மாதங்களில் மேலே வந்து மறுபடி தின்னும். அது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே நீங்கள் புதுவேர் பரிமாறுகிறீர்கள். அதை அடக்க 'நெமடோட்' எனப்படும் நூற்புழுவை வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். வண்டின் புழு சின்னதாக, மேல்மண்ணில் இருக்கும்போதுதான் நூற்புழு நன்றாக வேலை செய்யும்; அந்தக் காலம் ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும். மே மாதத்துப் பெரிய புழுவிடம் அதன் செல்வாக்கு குறைவு.

மேலே சொன்ன எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன. ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிவரை மண்ணில் கோடைச் சூடு இன்னும் இருக்கும். விதை விரைவாக முளைக்கும். காற்று குளிரத் தொடங்கியிருக்கும். இரவு நீண்டு, விடியலில் பனித்துளி கட்டும். அது இனாமாகக் கிடைக்கும் ஈரம். கிராப்கிராஸ் ஓராண்டுச் செடி. செப்டெம்பரில் அது விதை பிடிக்கும் அவசரத்தில் இருக்கும், முதல் உறைபனியில் செத்துவிடும். புதுப்புல்லுக்கோ மண் உறையும்வரை வேர்விட நேரம் கிடைக்கிறது. பிறகு பனிப்போர்வை. பிறகு ஏப்ரல், மே, ஜூன். முதல் வெயிலைக் காணுமுன் இரண்டு குளிர்ந்த பருவங்களைக் கண்ட புல்லும், ஆறு கிழமையில் ஜூலைக்குள் தள்ளப்பட்ட புல்லும் எப்படி ஒன்றாகும்?

இலையுதிர்காலத்தில் விதைத்தால் பனி கொன்றுவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. உறைவதற்கு முன் ஆறு, எட்டுக் கிழமை கிடைத்த நாற்றுக்குப் பனி ஒரு பாதுகாப்பு. வெறும் குளிர்காற்றிலிருந்து அதை மூடி வைக்கும். ஒக்டோபரில்தான் விதைத்தேன் என்றால் பயம் நியாயமானது. இலைகள் விழுந்து மூடுமே என்ற இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. மேப்பிள் இலை ஈரத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டால் அதற்குக் கீழே நாற்று ஒரு கிழமையில் மஞ்சளாகிவிடும். அதற்காக இரும்புப் பல் வாரியை எடுத்து உழக்கூடாது. காய்ந்த நாளில் ஊதுகருவியால் மெல்லத் தள்ளிவிடலாம், அல்லது மூங்கில் வாரியின் நுனி மட்டும் படும்படி இழுக்கலாம். அது கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஜூலை முழுக்க ஹோஸ் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட அலுப்புக் குறைவு.

இனி அள்ளிப் போடும் விடயம். ஒரு கிராம் புளூகிராஸ் விதையில் மூவாயிரம் அளவில் விதைகள் இருக்கும், தூசிபோன்ற விதை. 100 சதுர மீற்றர் வெறும் மண்ணுக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ போதும். ஒரு கிலோ என்று கணக்குப் பார்த்தால் சதுர சென்ரிமீற்றருக்கு மூன்று விதை விழும், சின்னிவிரல் நகத்தளவு இடத்தில் மூன்று. ரைகிராஸ் விதை பெரிது. அதற்கு 100 சதுர மீற்றருக்கு மூன்று, நான்கு கிலோ வரை போகும், ஆனாலும் நகத்தளவுக்கு இரண்டைத் தாண்டாது. சொட்டையின் மேல் கைநிறைய எடுத்துத் தூவுகிறவர் இதைப் போலப் பல மடங்கு போடுகிறார். முதல் கிழமை பார்க்க அழகாகத்தான் இருக்கும், பச்சைப் பஞ்சுபோல அடர்ந்து நிற்கும். அத்தனையும் மயிரிழை தடிப்பில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கிளைவிட இடமில்லாமல் நிற்கும். ஈரமும் சூடும் சேர்ந்த ஒரு இரவில் அழுகல்நோய் புகுந்தால் வட்டமாக, எண்ணெய் ஊற்றினதுபோல் படுத்துவிடும். அடர்த்தி விதையின் எண்ணிக்கையால் வருவதில்லை. ஒவ்வொரு நாற்றும் அடியில் பக்கக்கிளை விட்டுப் பெருகுவதால் வருகிறது.

பையின் பின்பக்கத்தை வாசிக்கிறவர்கள் குறைவு. 'கனடா நம்பர் 1' என்ற தரக்குறிப்பு இருக்கிறதா, உள்ளே என்னென்ன வகை என்று பாருங்கள். மலிவுப் பைகளில் ஓராண்டு ரைகிராஸ் கலந்திருப்பது உண்டு. ஐந்தாறு நாளில் முளைத்து வாங்கினவரைச் சந்தோசப்படுத்தும். ஒன்ராறியோக் குளிரை அது தாண்டாது. அடுத்த வசந்தத்தில் சொட்டை மறுபடி அதே இடத்தில் இருக்கும்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் சண்டை பிடிக்க விரும்புகிறேன். "தாராளமாக விடு" என்பது பிழை என்றால் குறைவாக விடு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மூன்று கிழமையில் பெரும்பாலானவர்கள் விடுவது போதாது. அதற்குப் பின் விடுவது மிக அதிகம். இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்று: புதுப்புல்லின் தேவை நாளுக்கு நாள் மாறுகிறது என்பதை ஏற்க மறுப்பது.

விதை ஊறி, முளைவேர் வெளியே எட்டிப் பார்த்தபின் ஒரே ஒரு வெயில்நாள் முழுக்கக் காய்ந்தால் போதும், அது முடிந்தது. மறுபடி நனைத்தால் எழும்பாது. அதனால் முளைக்கும்வரை மேல்மண் ஒரு சென்ரிமீற்றர் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். அதற்கு நாளுக்கு இரண்டு மூன்று தரம், ஐந்து பத்து நிமிடம், மெல்லிய தூவல். அவ்வளவே. வேலைக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம் ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டுவிட்டுப் போகிறவர் காலையில் வெள்ளமும் பின்னேரம் பாலைவனமும் செய்கிறார். வெள்ளத்தில் விதை மிதந்து பள்ளத்துக்குப் போய்ச் சேரும். பத்து நாள் கழித்துத் தண்ணீர் ஓடிய தடத்தில் மட்டும் கோடு கிழித்ததுபோல் புல் முளைத்திருப்பதைக் கண்டால் காரணம் இதுதான்.

அடுத்த பிழை யாரும் பேசாதது. கடையில் கிடைக்கும் கலவை விதையில் ரைகிராஸ் முந்தி முளைக்கும் என்றேனே. ஒரு கிழமையில் பச்சை தெரிந்ததும் வீட்டுக்காரர் "வந்திட்டுது" என்று நினைத்துத் தண்ணீரைத் தளர்த்திவிடுவார். அந்த நேரம் புளூகிராஸ் மண்ணுக்குள் ஊறி, வெடிக்கும் கட்டத்தில் இருக்கும். அது அப்படியே சாகும். பையில் மூன்று வகைக்குக் காசு கொடுத்தீர்கள், தரையில் ஒரு வகைதான் இருக்கிறது. ரைகிராஸ் குத்துக் குத்தாக நிற்குமே தவிர நிலத்துக்கடியில் ஓடிப் பக்கத்துச் சொட்டையை நிரப்பாது. அந்த வேலை புளூகிராஸுக்குரியது. பல வீடுகளில் விதைத்த இடம் மட்டும் வேறு பச்சையாக, பளபளப்பாக, ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரிவது இதனால்தான். பச்சை தெரிந்தபின்னும் இன்னும் இரண்டு கிழமை பொறுமை வேண்டும்.

அதன் பிறகு நிறுத்தப் பழக வேண்டும். நாளுக்கு மூன்று என்றிருந்ததை ஒன்றாக்கி, ஒன்றை இரண்டு நாளுக்கொன்றாக்கி, ஐந்தாறு கிழமையில் கிழமைக்கு 2.5 சென்ரிமீற்றர் என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மழையும் அதற்குள் அடக்கம். ஒரு வெறும் மீன்ரின்னைத் தரையில் வைத்தால் அளவு தெரிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் ஸ்பிரிங்க்ளர் ஒருமுறை ஓடத் தொடங்கினால் நிற்காது. நெல்வயலைக் கண்டு வளர்ந்த மனத்துக்குத் தண்ணீர் கட்டி நிற்பது நல்ல அறிகுறி. நெல்லின் தண்டுக்குள் வேர்வரை காற்றுப் போக வழி இருக்கிறது. சேற்றில் நின்றும் அது மூச்சு விடும். இந்தப் புல்லுக்கு அந்த வசதி போதாது. எப்போதும் நனைந்த மண்ணில் வேர் கீழே இறங்கக் காரணமே இல்லை, மேலேயே சோம்பிக் கிடக்கும். ஒரு கிழமை நீங்கள் ஊருக்குப் போனால் அதன் கதை முடிந்தது. இரவில் தண்ணீர் விட்டு இலையை விடியும்வரை நனைந்தபடி வைப்பது நோய்க்கு அழைப்பு. முளைத்தபின் விடிகாலையே சரியான நேரம்.

பீட் மாஸைப் பற்றி ஒரு வார்த்தை. விதையை மூட அதைப் பரப்புவது இங்கே சடங்காகிவிட்டது. நனைந்திருக்கும்வரை நல்லது. ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. ஹோஸைத் திருப்பினால் துளிகள் உருண்டு ஓடும், மேலே கறுத்திருக்கும், விரலால் கீறிப் பார்த்தால் கீழே தூள்தான். அதற்குப் பதில் சலித்த கொம்போஸ்ட் அரை சென்ரிமீற்றர் போதும். அதைவிட முக்கியம் விதை மண்ணைத் தொடுவது. புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டியவர்கள் இறுகிய களிமண்ணின் மேல் மெல்லிய மேல்மண் பரப்பி, சுருட்டிக்கொண்டு வந்த புல்லை விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கல்போன்ற தரையில் கீறாமல், கிளறாமல் விதையைத் தூவுவது சிட்டுக்குருவிகளுக்குத் தர்மம் செய்வது.

உரத்துக்கும் இதே கணக்கு. பொஸ்பரஸ் அதிகமுள்ள தொடக்க உரம் விதைக்கும் நாளில் ஒருமுறை, அதுவும் மண்ணில் குறைவிருந்தால், வேருக்கு உதவும். ஏரிகளில் பாசி பெருகுவதால் புல்தரைக்குப் பொஸ்பரஸைத் தடுத்த அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம்கூட, புதிதாகப் புல் வளர்ப்பவர்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஜூனில் நைதரசனை அள்ளிக் கொட்டினால் வேரில்லாத செடியின் இலையை மட்டும் இழுத்து நீட்டுகிறீர்கள்.

மிஞ்சியிருப்பது புல்வெட்டி. "இளம்புல்லு பாவம், வெட்டாதேங்கோ" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்பான பேச்சு, ஆனால் புல்லுக்குக் கேடு. புல்லின் வளரும் நுனி மண்மட்டத்தில் இருக்கிறது. இலை நுனியை வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அடியில் வெளிச்சம் படும், பக்கக்கிளை எழும்பும். இதைத்தான் அடர்த்தி என்கிறோம். அடர்ந்தபின் வெட்டலாம் என்று காத்திருப்பவர் அடர்வதற்கான வழியையே அடைத்துவிட்டுக் காத்திருக்கிறார். முந்தி முளைத்த ரைகிராஸ் உயர்ந்து சாய, அதன் நிழலில் பிந்தி வந்த புளூகிராஸ் வெளுத்துச் சாகும். வளர்ந்த புல் ஒன்பது சென்ரிமீற்றரைத் தொட்டதும் ஆறரை ஏழாக வெட்டுங்கள். ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி மண் இறுகியபின், தீட்டின கத்தியால் வெட்ட வேண்டும். மொட்டைக் கத்தி இளம்புல்லை வெட்டாது, வேரோடு பிடுங்கும். பெரியவர்கள் பயந்தது அப்படிப் பிடுங்கப்பட்டதைக் கண்டுதான் என்று எனக்குச் சந்தேகம். மற்றபடி, ரொறன்ரோ நகரச் சட்டப்படி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பாவம் பார்ப்பவருக்கு நகரசபை நோட்டீஸ் வரலாம்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன். மே மாதத்தில் விதைத்து நன்றாக வந்த வளவுகளை நானும் கண்டிருக்கிறேன். வடக்குப் பார்த்த, மத்தியானத்துக்குப் பின் நிழல் விழும் வளவுகள் அவை. அல்லது தானியங்கித் தண்ணீர்க்குழாய் புதைத்த வளவுகள். வீட்டுவேலை நடந்து சரிவான மண் வெறுமையாகக் கிடந்தால் மழை அரித்துக்கொண்டு போகுமுன் எதையாவது முளைக்க வைக்கத்தான் வேண்டும். ஓகஸ்ட்வரை காத்திரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படி வசந்தத்தில்தான் ஆக வேண்டும் என்றால் மே நீண்ட வார இறுதிக்குக் காத்திருப்பது இன்னும் பிழை. மண்ணில் கால் வைக்கக்கூடிய முதல் நாளில், ஏப்ரல் பாதியில் போடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு குளிர்ந்த நாளும் வேருக்கு லாபம். புல்லே வேண்டாம், குளோவரும் காட்டுப்பூவும் போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அது வேறு வழக்கு.

மற்றவர்கள் மே மாதத்தில் அந்தச் சொட்டையை என்ன செய்வது? ஒரு சதுர அடி புல்லை மண்வெட்டியால் மூன்று பக்கம் வெட்டி, கம்பளம்போல் புரட்டிப் புழுவை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் ஓகஸ்ட் கடைசிக்கு நூற்புழு சொல்லி வையுங்கள். உப்புப் பட்ட நடைபாதை ஓரத்தை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கிராப்கிராஸ் தலைகாட்டினால் விதை பிடிக்குமுன் கையால் பிடுங்குங்கள். வெறும் மண்ணின் மேல் கொம்போஸ்ட் பரப்பிவிட்டு லேபர் டே அண்டின நாட்களுக்காகக் காத்திருங்கள். செப்டெம்பரையும் தவறவிட்டால் ஒக்டோபரில் அவசரப்பட வேண்டாம். பாதி முளைத்த நாற்றைப் பனிக்குக் கொடுப்பீர்கள். நவம்பர் பாதிக்கு மேல், மண் 4 பாகைக்குக் கீழே இறங்கியபின் விதையுங்கள். முளைக்காமல் உறங்கும், மண் உறைந்து இளகும்போது தானாகவே வெடிப்புகளுக்குள் இறங்கும், ஏப்ரலில் உங்களுக்கு முன் எழும்பும். கொஞ்சம் விதை பழுதாகும், அதனால் கால்பங்கு கூடப் போடலாம். தண்ணீர் விட வேண்டாம்; அதற்குள் வெளிக்குழாயை நீங்கள் குளிருக்காக அடைத்திருப்பீர்கள்.